அப்பா வாங்கிய டார்ச் லைட்

“இவ்ளோ படிச்சு என்ன பண்ணப் போற? பல்பு மாத்தப் போறியா?”

பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது என்று நான் சொன்னபோது அப்பா கேட்டது இது. ஜாகா வேலைக்கான காவலாளிச் சீருடையின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்டார். அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அப்பா பந்திங் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். எண்கள் நன்றாகத் தெரியும். எழுத்தைக் கூட்டித்தான் படிப்பார். அம்மா பள்ளிக்கூடத்து வாசலையே மிதித்ததில்லை. எங்கள் வீட்டில் பள்ளியை முடித்து, அதற்கு மேலும் படித்து, பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்பதால் நானே சொல்லிக்கொள்வேன்.

ஆனால் அப்பா கேட்டதுதான் பலித்தது. பட்டம் வாங்கிய பிறகு கோலாலம்பூரில் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. பாதி இடங்களில் சீன மொழி, மெண்டரின் பேசுவாயா என்று கேட்டார்கள். மீதி இடங்களில் கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை. கடைசியில் கிள்ளானில், ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில், ஒரு விளக்குக் கடையில் சேர்ந்தேன். வீடுகளுக்கும் கடைகளுக்கும் எங்கே என்ன விளக்கு போடலாம் என்று மாடியில் உட்கார்ந்து வரைபடம் போடும் வேலை என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். முதல் வாரத்திலேயே மாடிக்கு ஆள் தேவையில்லை என்று கீழே இறக்கி, டார்ச் லைட் கவுண்டரில் நிற்க வைத்துவிட்டார்கள். வீட்டில் அதைச் சொல்லவில்லை, எந்தக் கடை என்றும் சொன்னதில்லை. மாடியில்தான் வேலை என்றே அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. அதற்குக் கண் திறப்பு என்று பெயர். கோயிலில் புதுச் சிலைக்குக் கண் திறப்பார்களே, அதைக் கிண்டலாக எடுத்து வைத்திருந்தார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவரை, “இங்க பாரு” என்று கூப்பிடுவார்கள். திரும்பியதும் கடையிலேயே பலமான டார்ச்சை நேரே கண்ணில் அடிப்பார்கள். வெட்டி வெட்டி மின்னும்படி வைத்து அடிப்பார்கள். கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர்தான் அடுத்து வருகிறவருக்கு அடிக்க வேண்டும் என்பது விதி. எனக்கு அடித்தவர் என்னோடு கவுண்டரில் நின்ற, நான் அண்ணன் என்று கூப்பிடும் ஆள். நான் கையால் முகத்தை மூடிக்கொண்டு கண்ணாடிப் பெட்டியில் இடித்துக்கொண்டேன். கடை முழுவதும் சிரிப்பு. பார்க்கும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் ஒரு திட்டு மிதந்துகொண்டே இருந்தது. அன்று மதியம் சோற்றில்கூட அது கிடந்தது.

“கண்ணு தொறந்துச்சா, டிகிரி?” என்றார் முதலாளி. அன்றிலிருந்து எனக்கு அந்தக் கடையில் டிகிரி என்றுதான் பெயர்.

முதலாளியை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் விற்கிற அழகைப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தின் அளவை லூமென் என்ற கணக்கில் பெட்டியில் போட்டிருப்பார்கள். கட்டைவிரல் அளவு டார்ச்சுக்கு, விளையாட்டரங்கத்துக்குப் போடவேண்டிய எண்ணைப் போட்டிருப்பார்கள். அது பொய் பாஸ் என்று ஒருமுறை சொன்னேன்.

“எண்ணு பெட்டிக்கு, வெளிச்சம் கஸ்டமருக்கு. நீ பெட்டியப் படிச்சிக்கிட்டு நில்லு, நான் விக்கிறேன்” என்றார்.

அதைவிடப் பெரிய பொய் டார்ச்சுக்குள்ளேயே இருக்கும். இந்தக் காலத்து எல்இடி டார்ச்சுகளில் உச்ச வெளிச்சம் கொஞ்ச நேரம்தான் நிற்கும். உடம்பு சூடேறியதும் தானாகவே குறைந்துகொள்ளும், குறையாவிட்டால் கருகிப்போகும். பாஸுக்கு அது நன்றாகத் தெரியும். எதிர்க்கடை பெயர்ப்பலகையின் மேல் அடித்துக் காட்டுவார். பட்டப்பகலிலும் பலகை வெளுத்துத் தெரியும். வாங்க வந்தவர் வாயைப் பிளப்பார். சூடேறுவதற்குள் அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்.

செராஸிலிருந்து மலையேறும் இளைஞர்கள் வருவார்கள். பந்திங்கிலிருந்து செம்பனைத் தோட்டத்து ஆட்கள், தலையில் மாட்டும் விளக்குக்காக வருவார்கள். ஆனால் அதிகம் வந்தவர்கள் ஜாகாக்கள். சொந்தக் காசில் டார்ச் வாங்கவேண்டிய வயதான ஆட்கள். அவர்களுக்கென்று பாஸ் தனியாக ஒரு வித்தை வைத்திருந்தார். டார்ச்சை அவர்கள் முகத்திலேயே அடிப்பார். “திருடன் மூஞ்சில அடிச்சா இப்படித்தான் இருக்கும், அங்கிள். எப்படி?” என்பார். ஜாகாக்கள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் போவார்கள். கண் கூசினால் அது நல்ல டார்ச். எங்கள் ஆட்களின் தேர்வு முறை அதுதான். முகத்தில் அடித்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். எதைப் பார்க்க அந்த டார்ச் வேண்டுமோ, அதன்மேல் ஒருவரும் அடித்துப் பார்த்ததில்லை.

அப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கின் வாசலில் ஜாகா. லோரிகள் வரும், ஓட்டுநர் ஒரு அனுமதி அட்டையை நீட்டுவார், அட்டையில் எண்ணும் தேதியும் சரியாக இருந்தால் தடுப்புக் கட்டையைத் தூக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. பல வருடமாக அதைச் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: “புதுக் கம்பெனி எடுத்திருக்கான். வயசான ஜாகாவையெல்லாம் கேட்ல நிக்க வச்சுப் பாக்கப் போறானாம். சரியா இருந்தா வச்சுக்குவான். இல்லாட்டி வீட்டுக்கு.”

“என்ன பாக்கப் போறாங்க?” என்றேன்.

“அட்டைய நான் பாக்குறத அவன் பாக்கப் போறான்.” அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “நல்ல பவரான டார்ச்சு ஒண்ணு வாங்கணும்.”

“நான் எடுத்துட்டு வரேன்பா.”

“நீ மாடியில உக்காந்து படம் வரையிற ஆளு. உனக்கு என்ன தெரியும்?”

அந்த வேலை போனால் அந்த வயதில் வேறு வேலை கிடைக்காது. அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அந்த வாரத்திலேயே ஒரு மதியம் அப்பா கடைக்குள் நுழைந்தார். எனக்குப் பின்னால் சுவர் முழுக்க விளக்குகள். விற்பனைக்கு வைத்தவை எல்லாம் காலையிலிருந்து எரிந்துகொண்டே இருக்கும். நான் தீபாவளிக்கு அவர் எடுத்துக் கொடுத்த சிவப்புச் சட்டையைப் போட்டிருந்தேன். கவுண்டரில் நிற்கிற என்னைப் பார்த்து என்ன சொல்லப்போகிறாரோ, அண்ணன் முன்னால் எப்படி மானத்தை வாங்கப்போகிறாரோ என்று காத்திருந்தேன்.

நேரே என் எதிரில் வந்து நின்றார். என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“ஆன்டி, நல்ல பவரான டார்ச்சு காட்டுங்க” என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அப்பா என்னோடு விளையாடி நான் பார்த்ததில்லை. அவர் கண்கள் என் முகத்தின் மேல்தான் இருந்தன. ஆனால் எங்கேயும் நிற்கவில்லை. பின்னால் இருந்த வெளிச்சத்தில் நான் அவருக்கு வெறும் நிழல்.

“ஆன்டியா? அங்கிள், அது கல்யாணமே ஆகாத புள்ளலா!” என்று அண்ணன் கத்தினார். கடை சிரித்தது.

“மன்னிச்சுக்கம்மா, வெளிச்சத்துல தெரியல” என்று அப்பாவும் சிரித்தார்.

என் குரல் கேட்டால் தெரிந்துவிடும். அதனால் வாயைத் திறக்கவில்லை. கைக்கு வந்த டார்ச்சை எடுத்து அவர் கையில் வைத்தேன். என் விரல் அவர் விரலில் பட்டது. அதற்குள் பாஸ் வந்துவிட்டார். தன் வித்தையைக் காட்டினார். மற்ற ஜாகாக்கள் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். அப்பா திருப்பவில்லை. இரண்டு கண்ணிலிருந்தும் நீர் வழிய அப்படியே நின்றார்.

“நல்ல பவருலா பாஸ்” என்றார். வாங்கிக்கொண்டு போனார். வாசற்படியைக் காலால் தடவித் தேடி இறங்கினார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவர் மேல், பாஸ் மேல், என் பின்னால் எரிந்த அத்தனை விளக்குகள் மேலும். அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி இருப்பது எனக்குத் தெரியும். மாத்திரை போடுகிறார் என்பதும் தெரியும். கண் இந்த அளவுக்குப் போயிருப்பதை ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் கவனிக்கவில்லை. அவரும் காட்டவில்லை. சாப்பாட்டுத் தட்டு எங்கே, செருப்பு எங்கே, பேருந்து எங்கே நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதை வைத்தே நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை கடையிலிருந்து ஒரு சிறிய டார்ச்சைக் கொண்டு போனேன். மஞ்சள் வெளிச்சம், விரிந்து விழும், பலமெல்லாம் கிடையாது. யாரும் வாங்காமல் மூலையில் கிடந்தது. சாப்பாடு முடிகிற நேரம், என் அடையாள அட்டையை அப்பாவின் கையில் கொடுத்தேன்.

“புது டார்ச்ச அடிச்சு இதுல நம்பரப் படிங்கப்பா.”

அடித்தார். பிளாஸ்டிக் அட்டையில் பட்ட வெளிச்சம் அப்படியே அவர் முகத்துக்குத் திரும்பியது. கண்ணில் புரை விழுந்தவருக்குப் பலமான வெளிச்சம் எதிரி. பனிமூட்டத்தில் லோரி முன்விளக்கைப் பெரிதாகப் போட்டதுபோல எல்லாம் வெள்ளையாகிவிடும். அட்டையை முன்னும் பின்னும் நகர்த்தினார். நான் சின்ன டார்ச்சின் மேல் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி, பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். அப்பா மெதுவாக எண்களைப் படித்தார். முதலில் ஒன்று தப்பு. பிறகு சரி. ஒரு கணம் அவர் முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல ஆனது.

அந்த ஒரு கணத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். “பாத்தீங்களா? பவர் முக்கியமில்ல” என்று சொல்லித் தொலைத்தேன்.

அட்டையை மேசையில் வீசினார். “எனக்குப் பரீட்சை வைக்கிறியா? இந்தப் பொம்ம டார்ச்ச எடுத்துட்டுப் போனா லோரிக்காரன் சிரிப்பான்!”

அம்மா சேர்ந்துகொண்டாள். “நாலெழுத்து படிச்சதும் அப்பன் குருடனாத் தெரியுறானா உனக்கு?”

கடையில் என்னை ஆன்டி என்று கூப்பிட்டீர்களே என்று அங்கேயே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரக்கப்பட்டு விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதைச் சொன்னால் அவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவசியம் வரும்போது எடுக்கலாம் என்று வைத்துக்கொண்டேன்.

சோதனை நாளன்று சாப்பாட்டுப் பெட்டியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனார். எடுத்துக்கொண்டு போனேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, தூறல். வாசலில் லோரிகள் வரிசையாக நின்றன. ஜாகா கூண்டின் பக்கத்துக் கூரைக்கடியில் ஒதுங்கினேன். அப்பா நிமிர்ந்து நின்றார். சீருடை தேய்த்திருந்தது. கையில் அந்த டார்ச். பக்கத்தில் மேற்பார்வையாளர், எங்கள் தமிழ் ஆள்தான். என்னைவிடச் சில வயது மூத்தவராக இருக்கலாம். அவர் முதல் லோரிக்காரரிடம் போய் ஏதோ சொல்லிவிட்டுத் தன் பணப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். லோரிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா டார்ச்சை அடித்தார். அந்த வெளிச்சத்தில் தூறல் ஊசி ஊசியாகத் தெரிந்தது. கூரைக்கடியிலிருந்தே எனக்கு அந்த அட்டையின் சிவப்பு நிறமும் அதிலிருந்த சேவல் படமும் தெரிந்தன. அப்பா முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். தலையை ஆட்டினார்.

“எல்லாம் ஓகே சார். உள்ள போவலாம்” என்றார். தடுப்புக் கட்டையைத் தூக்கினார்.

லோரிக்காரர் ஹாரனை அடித்துச் சிரித்தார். பின்னால் நின்ற லோரிக்காரர்களும் என்னவென்று தெரியாமலே ஹாரன் அடித்தார்கள்.

“அங்கிள், அது கோழிக்கடை கார்டு” என்றார் மேற்பார்வையாளர். “ரெண்டு துண்டு வாங்கினா ஒண்ணு இலவசம். உள்ள விட்டுட்டீங்க, எனக்கும் ஒரு துண்டு சொல்லிருங்க.” டார்ச்சை அப்பாவின் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தார். “லைட்டு மட்டும் கப்பல் லைட்டு!”

அப்பா கட்டையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். இறக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

நான் போய்க் குறுக்கே நிற்கவில்லை. பக்கத்தில்தான் இருந்தேன், அவருக்கு நான் தெரியவில்லை. அந்த ஆள் செய்த விதம் கேவலம். ஆனால் அவர் கண்டுபிடித்தது உண்மை. உள்ளே லோரிகள் பின்னோக்கி வந்துகொண்டே இருக்கும் இடம் அது. நடுவில் ஆட்கள் நடப்பார்கள். என் அப்பாவை அந்த வாசலில் நிறுத்துவேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நிறுத்தமாட்டேன். சாப்பாட்டுப் பெட்டியை வேறொரு ஜாகாவிடம் கொடுத்து, வீட்டிலிருந்து வந்தது என்று மட்டும் சொல்லச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்த அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். “போச்சு. படிக்காதவன் வேணாங்குறான். எழுத்து தெரிஞ்சவன்தான் ஜாகா நிக்கணுமாம்” என்றார். பிறகு நான் நின்ற பக்கம் திரும்பினார். “உன்ன மாதிரி படிச்சவனுங்க சேந்துதான் எங்கள வெளிய தள்ளுறானுங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான்தான் கிடங்கு வாசலில் நின்று அவரைத் தள்ளிவிட்டவள் போலப் பார்த்தாள்.

தன் கண் போயிற்று என்று சொல்வதைவிடத் தனக்கு எழுத்து தெரியாது என்று சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது. அந்தப் பொய்க்கு விலை என் படிப்பு. அக்கம் பக்கத்திலும் அதையே சொன்னார். கிளினிக்குக்கு வாங்க என்றால், “கண்ணுல ஒண்ணுமில்ல, எழுத்துதான் இல்ல” என்பார். மாலையானால் அடுக்குமாடித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, எதிர் மாடியின் மேல் அந்த டார்ச்சை அடித்துக்கொண்டிருப்பார். எதிர்வீட்டுக்காரர்கள் கத்துவார்கள். வெளிச்சம் அங்கே போய்ச் சேர்கிறது என்பது அந்தக் கத்தலை வைத்துத்தான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கிடையில் கடைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். கம்போங் மேடானிலிருந்து வருகிறாள்; ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை முடித்தவள். அவள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பாஸ் என்னிடம் அந்தப் பெரிய டார்ச்சை நீட்டினார். அப்பா வாங்கிய அதே ரகம்.

“டிகிரி, இன்னிக்கு உன் முறைலா. கண்ணத் தொறந்து வை.”

எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் டார்ச்சை வாங்கினேன். மின்னும்படி திருப்பினேன்.

“பாஸ், இங்க பாருங்க” என்றேன்.

அவர் பார்த்தார். நான் உடனே அணைக்கவில்லை.

அவர் நாற்காலியைத் தேடித் தடவியதும், தடவிய கை விளக்குச் சுவரில் பட்டு இரண்டு விளக்குகள் விழுந்து உடைந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சந்தோஷமாக இருந்தது. இதை அழகாக வேறுவிதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. “போ வெளிய! படிச்ச திமிரு!” என்று அவர் கத்தும்போது கத்தவேண்டிய திசை தெரியாமல் அண்ணனைப் பார்த்துக் கத்தினார். புதுப் பெண் மட்டும் சிரித்தாள். டார்ச்சைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வேலை போய்விட்டது என்று வீட்டில் சொன்னதும் அப்பா சிரித்தார். கிடங்கிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல்முறை.

“படிச்சவளுக்கும் போச்சா? அப்ப படிச்சு என்னத்தக் கிழிச்ச?”

அம்மாவும் சிரிப்பாள் போலிருந்தது. நான் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

“அப்பா, டார்ச்சு வாங்கப் போனீங்கல்ல. அந்தக் கடைதான் என் கடை. நீங்க ஆன்டின்னு கூப்பிட்டது என்னத்தான்.”

டார்ச்சின் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்த விரல் நின்றது. அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கே தண்ணீர் திறந்த சத்தம் கேட்டது, பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கவில்லை.

அப்பா கேட்டார்: “கறுப்புச் சட்ட போட்டுட்டு ஒண்ணு நின்னுச்சே, அதா?”

“கறுப்பு இல்லப்பா. சிவப்பு. நீங்க தீபாவளிக்கு வாங்கிக் குடுத்தது.”

அதோடு விடவில்லை. “கோழிக்கடை கார்டையும் நான் பாத்தேன். அங்கதான் நின்னேன்.”

அவர் டார்ச்சை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். வைத்த இடத்தை மறந்து, கொஞ்ச நேரம் கழித்துக் கையால் தேடினார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

இதை நான் எழுதுவது அரசாங்கக் கிளினிக்கின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. விடியும் முன்பே வந்து வரிசையில் நின்று அப்பாவுக்கு எண் எடுத்துவிட்டேன். வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சற்றுமுன் அவருக்குப் போன் செய்தேன்.

“கார் அனுப்பியிருக்கேன்பா. கார் நம்பரப் பாத்துக்கிட்டு ரோட்டுல நிக்காதீங்க. மாடிக்கு வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகச் சொல்லி டிரைவர்கிட்ட சொல்லிட்டேன்.”